பெட்ரோல் வாசனை

பழைய மோட்டார் கார் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பவனை உலகம் இரண்டே கேள்விகள்தான் கேட்கும். முதல் கேள்வி: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?" இரண்டாவது: "விற்கிற உத்தேசம் உண்டா?" முதல் கேள்விக்கு நான் கொஞ்சம் கூட்டியே பதில் சொல்வேன். இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல் சிரிப்பேன். மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "பெட்ரோல் குழாயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" யாராவது ஒரு புண்ணியவான் அதைக் கேட்டிருந்தால், நான் இப்போது சொல்லப் போகிற வெட்கக்கேட்டுக்கு அவசியமே ஏற்பட்டிருக்காது.

என்னிடம் இருப்பது 1958-ம் வருஷத்து மாரிஸ் மைனர். என்னிடம் இருப்பது என்றுகூடச் சொல்லக் கூடாது; அப்பாவிடம் இருந்தது, இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது. செங்கற்பட்டில் வக்கீலாக இருந்த அப்பா, 1975-ல் அதை செகண்ட் ஹாண்டில் வாங்கினார். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வரைந்த வண்டி அது. 1948-ல் முதன்முதலாக வெளிவந்தபோது, கம்பெனியின் முதலாளியான லார்டு நஃபீல்டுக்கு அதன் உருண்டை முகம் பிடிக்கவில்லையாம். ஓட்டை உடைத்து வெந்நீரில் விட்ட முட்டை மாதிரி இருக்கிறது என்று பரிகாசம் செய்தாராம். அந்த முட்டைதான் பிற்பாடு பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார் என்று பெயர் வாங்கியது. முதலாளிகளும் பத்திரிகாசிரியர்களும் முதல் பார்வையில் சொல்லுகிற அபிப்பிராயத்தை நான் அதிகம் பொருட்படுத்தாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பா 2016-ல் காலமானார். வண்டி எனக்கு வந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் துடைப்பேன். பம்பரின் குரோமியத்தில் முகம் பார்க்கலாம். யாராவது வீட்டுக்கு வந்தால் பானெட்டைத் திறந்து காட்டுவேன். பம்ப்பிலிருந்து கார்ப்புரேட்டருக்குப் போகிற சின்னக் குழாய் ஒன்று, கம்பிப் பின்னல் உறை போட்டது, பார்க்க வெகு லட்சணமாக இருக்கும். "இதுகூட வண்டியோடு இங்கிலாந்திலிருந்து வந்தது, சார். ஒரிஜினல்!" என்பேன். வந்தவர் எதையும் புரிந்துகொள்ளாமல் தலையை ஆட்டுவார்.

அந்த வண்டியின் பெட்ரோல் பம்ப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். டாங்க் பின்னால் டிக்கிக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய உலோகக் குழாய் வண்டியின் அடிவயிற்றோடு ஊர்ந்து முன்பக்கம் வருகிறது. முன்னால் எஞ்சின் அறைச் சுவரில் மின்சார பம்ப் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் அது 'டிக், டிக், டிக்' என்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு மடக்குப் பெட்ரோல். கார்ப்புரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் அதன் வாய் அடைபட்டுவிடும்; பம்ப்பும் வாயை மூடிக்கொண்டுவிடும். வயிறு நிறைந்த குழந்தை மாதிரி.

அப்பா எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, ஸ்டியரிங்கையோ கியரையோ சொல்லுவதற்கு முன்னால் இதைத்தான் சொன்னார். "சாவியைத் திருப்பு. காதைக் கொடு. டிக் டிக் நின்றதா? அப்புறம் ஸ்டார்ட்டரை இழு. நிற்கவில்லை என்றால் இழுக்காதே. பெட்ரோல் எங்கேயோ போகக் கூடாத இடத்துக்குப் போகிறது என்று அர்த்தம்." அந்த வண்டியில் சாவி வேறு, ஸ்டார்ட்டர் வேறு. இரண்டுக்கும் நடுவே, யோசிக்கிறவனுக்கு ஒரு நிமிஷ அவகாசம் இருக்கிறது.

அப்பாவின் பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'பாய்'. எழுபது வயதைத் தாண்டியவர். பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார். என் வண்டிக்கு மட்டும் அவரே வருவார். போன வருஷம் ஐப்பசி மாதம் பிளக்கைப் பார்க்க வந்தவர், அந்தக் கம்பிப் பின்னல் குழாயை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, இதை மாத்திடலாம்."

"ஐயையோ, அது ஒரிஜினல் பாய்!"

பாய் என்னை ஒரு தரம் பார்த்தார். "ஒரிஜினலா?" என்றார். பிறகு பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, டீ சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் சாமானியத்தில் எதையும் இரண்டு தரம் சொல்லுகிற ஆசாமி அல்ல.

தை மாதம் மாமாவின் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். செங்கற்பட்டுக்குப் போக வேண்டும். வாடகைக் காரில் போகலாம் என்றாள் மனைவி. அப்பாவின் வண்டியை அப்பாவின் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போவதில் உள்ள கௌரவம் அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. அம்மாவையும், பன்னிரண்டு வயதுப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

தாம்பரம் தாண்டியதும் பெண் மூக்கைச் சுளித்தாள். "அப்பா, பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

"நாத்தம் இல்லேடி, வாசனை. பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். உங்க தாத்தா வாசனை அது" என்றேன். எழுத்தாளன் அல்லவா? எந்த ஓட்டையையும் ஒரு வாக்கியத்தால் அடைத்துவிடுகிற பழக்கம்.

அம்மா பின் ஸீட்டில் ஒன்றும் பேசாமல் வந்தாள்.

நிச்சயதார்த்தம் முடிந்து திரும்பும்போது, கூடுவாஞ்சேரிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். வண்டியைச் சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். ஒருவர் அந்த முதல் கேள்வியைக் கேட்டார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

டிக். டிக். டிக்.

பத்து நிமிஷம் முன்புவரை ஓடிய வண்டி. கிண்ணம் நிறைந்தே இருக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று டிக்கில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஐந்து. எட்டு. பத்து. நான் எண்ணினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழி இல்லை. அப்பாவின் குரல் காதில் கேட்டது என்றெல்லாம் கதையில் எழுதுவோம். எனக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. வெளியே நின்றவர்களின் முகங்கள்தாம் தெரிந்தன. அவர்களுக்கு முன்னால் இறங்கி, பானெட்டைத் திறந்து, நடுரோட்டில் வயதான அம்மாவை நிறுத்திவைத்துக்கொண்டு, "வண்டி ஓடாது" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டார்ட்டரை இழுத்தேன். எஞ்சின் உறுமியது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் கை அசைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒன்றும் ஆகவில்லை. வீடு வந்து சேர்ந்தோம். இந்த 'ஒன்றும் ஆகவில்லை' என்ற இரண்டு வார்த்தைகளைப்போல மனிதனைக் கெடுக்கிற வார்த்தைகள் வேறு இல்லை. ஏதாவது ஆகியிருந்தால் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆகாததனால், அன்று இரவு நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் காலை, பெண் என்னைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். முதல் நாள் ராத்திரியே அவள் வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருக்கிறாள். எஞ்சினுக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. "நாத்தம்தான் அப்பா" என்றாள். பாய்க்கு டெலிபோன் செய்தேன்.

பாய் வந்தார். பானெட்டைத் திறந்தார். கார்ப்புரேட்டர் முனையில், அந்தக் கம்பிப் பின்னல் உறை நனைந்து கறுத்திருந்தது. அவர் என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். டிக், டிக் என்றது. உறையின் அடியில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. அது விழுந்த இடத்தை பாய் விரலால் காட்டினார். கார்ப்புரேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது எக்ஸாஸ்ட் மானிபோல்டு. எஞ்சினின் நெருப்பு மூச்செல்லாம் அந்த வார்ப்பிரும்பு வழியாகத்தான் வெளியே போகிறது. ஓடுகிற வண்டியில் தொட்டால் கை பொசுங்கிவிடும்.

"நேத்து இதோடவா அம்மாவைக் கூட்டிப் போனீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. சூடான இரும்பில் விழுகிற பெட்ரோல் எல்லாம் உடனே பற்றிக்கொள்வதில்லை என்று பாய் பிறகு சொன்னார். பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். ஆனால் அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும். அதே அறையில் பொறி பறக்கிற சாமான்கள் டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ என்று இல்லாமல் இல்லை. நான் கூடுவாஞ்சேரியிலிருந்து வீடு வரை அம்மாவையும் பெண்ணையும் உட்கார்த்தி ஓட்டி வந்தது அந்த ஒரு பொறியின் தயவில்.

குழாய் கெட்டதற்கு வயது மட்டும் காரணம் அல்ல. நாம் போடுகிற பெட்ரோலே மாறிவிட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடித்த எதனால் என்ற சாராயத்தை அதில் கலக்கிறார்கள். 2022-ல் நூற்றுக்குப் பத்துப் பங்காக இருந்தது, 2025-ல் இருபது பங்காகிவிட்டது. புது வண்டிகளை அதற்கென்று தயார் செய்திருக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. ஊதிப்போகிறது, பிறகு காய்ந்து, வெடித்து, பொடிந்துபோகிறது. காற்றில் உள்ள ஈரத்தையும் எதனால் இழுத்துக்கொள்ளும். டாங்கில் துரு பிடிக்கும். பல வருஷமாக டாங்கின் அடியில் படிந்து கிடக்கிற கசடையும் கரைத்துக் கிளப்பிவிடும். குடி கெட்டது என்பார்களே, அது மோட்டாருக்கும் பொருந்தும் போலிருக்கிறது. இது சரியா தப்பா என்று சர்க்காரோடு வாதம் செய்ய எனக்குத் தெரியாது. ஊரில் கிடைக்கிற பெட்ரோலில்தான் வண்டி ஓட வேண்டும். அதற்குத் தகுந்த குழாயைப் போட வேண்டியது என் பொறுப்பு.

"பையனை அனுப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பாயே தலையை ஆட்டிக்கொண்டார். "வேணாம். நீங்களே மாத்துங்க. நான் பக்கத்துல உட்காருறேன்." அது உபகாரமா தண்டனையா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டோம். வண்டியைக் கூரைக்கு வெளியே திறந்த இடத்துக்குத் தள்ளினோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய இடத்தில் தரையோடு தேங்கி நிற்கும் என்றார் பாய். பிள்ளையார் விளக்கை அணைக்கச் சொன்னார். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார். முதல் வேலை பாட்டரியைக் கழற்றுவது. நான் நெகடிவ் முனையில் ஸ்பானரை வைத்தேன். "அது இல்லே!" என்று ஒரு அதட்டல். இந்த வண்டியில் பாஸிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்த எர்த். ஒன்பது வருஷம் துடைத்தவனுக்கு அது தெரியவில்லை.

பிறகு டாங்கிலிருந்து பெட்ரோலைத் தகர டின்னில் இறக்கினோம். பழைய குழாயைக் கழற்றினேன். அதன் உறையைப் பிரித்துவிட்டு, பாய் ரப்பரை வளைத்தார். காய்ந்த முறுக்கு மாதிரி 'படக்'கென்று ஒடிந்தது. வெளியே அத்தனை லட்சணமாக இருந்த கம்பிப் பின்னலுக்கு உள்ளே இருந்தது இதுதான். லட்சணமே அதை மறைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது.

அந்த இடத்தில் மட்டும் ரப்பர் எதற்கு, முழுவதும் உலோகமாகவே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டாள் பெண். பாய்க்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. "பம்ப் பாடியில இருக்கு. அது அசையாது. கார்ப்புரேட்டர் எஞ்சின்ல இருக்கு. அது ஆடிக்கிட்டே இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல இரும்பு வெச்சா ஒடிஞ்சிடும். வளைஞ்சு கொடுக்கிறதுதான் அங்கே நிக்கும். அதனால அதுதான் சீக்கிரம் போகும், அதைத்தான் அடிக்கடி பார்த்துக்கணும்" என்றார்.

அடிவயிற்றில் ஓடுகிற உலோகக் குழாயையும் விடவில்லை. மல்லாக்கப் படுத்து, டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றினேன். ஒரு கிளிப்புக்கு அடியில் மழைத் தண்ணீர் தங்கித் தங்கிக் குழாய் அரித்திருந்தது. நகத்தால் கீறினால் செதில் செதிலாக உதிர்ந்தது. அதையும் முழுசாக எடுத்தோம். பாய் அதை மாதிரியாக வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஒத்துப்போகிற புதுக் குழாயைப் பட்டறையில் செய்து வாங்கி வந்தார். நான் பழைய ரப்பர்த் துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போய், அதே உள்ளளவுக்கு எதனாலைத் தாங்குகிற ஹோஸ் கேட்டேன். அதன் மேல் 'எஸ்.ஏ.இ. ஜே 30 ஆர் 9' என்று அச்சடித்திருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருந்தார் பாயின் மகன். உள்பக்கம் வேறு விதமான ரப்பர், சாராயத்துக்கு அசையாது. ரப்பரைக் கடிக்காத, விளிம்பு மழுங்கிய கிளிப்புகளும் வாங்கினேன். ஓட்டலில் மூன்று பேர் சாப்பிடுகிற பணம்கூட ஆகவில்லை.

குழாய் வரக் காத்திருந்த இரண்டு நாளில் அப்பாவின் நோட்டுப் புஸ்தகத்தைத் தேடி எடுத்தேன். பழைய குழாயைத் தூக்கிப் போட மனம் வராமல், அது எந்தக் காலத்தது என்று குறித்து வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை. வண்டிக்காக அப்பா வைத்திருந்த நோட்டு அது. பெட்ரோல் போட்ட தேதி, மைல் கணக்கு, டயர், பாட்டரி எல்லாம் வக்கீல் குமாஸ்தாவின் கையெழுத்துப்போல மணி மணியாக இருக்கும். 1976-ல் ஒரு வரி: 'பெட்ரோல் ஹோஸ் மாற்றியது.' 1981-ல் அதே வரி. 1987. 1993. 1998. 2004. கடைசியாக 2010-ல், நடுங்குகிற எழுத்தில்: 'பெட்ரோல் ஹோஸ் மாற்றியது. பழையதை உடனே எறிந்தேன்.'

நான் ஊருக்கெல்லாம் பானெட்டைத் திறந்து காட்டிய ஒரிஜினல், அப்பா ஏழாவது தடவையாக வாங்கிப் போட்ட சரக்கு! பாய் அன்று "ஒரிஜினலா?" என்று கேட்டதற்கு அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. அதில் பாதித் தடவை அவர்தான் பக்கத்தில் நின்று மாற்றியிருப்பார். 2016-க்குப் பிறகு அந்த நோட்டில் ஒரு வரியும் இல்லை. வெள்ளைப் பக்கங்கள். குரோமியம் துடைத்ததை எந்த நோட்டிலும் எழுத முடியாது அல்லவா?

அன்று இரவு அம்மாவிடம் டீக்கடைச் சமாசாரத்தைச் சொன்னேன். டிக் டிக் நிற்காததை, நான் எண்ணினதை, அப்படியும் ஸ்டார்ட்டரை இழுத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எனக்கும் வாசனை வந்ததுடா. அவர் பக்கத்துல இருக்கிற மாதிரி இருந்தது. அதனாலதான் வாயைத் திறக்கலே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ கணக்குப் பார்த்தவள்போலத் தொடர்ந்தாள். "ஆனா ஒண்ணு. அவர் ஓட்டும்போது வண்டிக்குள்ளே ஒரு நாளும் அந்த வாசனை வந்ததில்லை. சட்டையில்தான் வரும். அதுவும் என்னிக்காவது. வந்தா, அன்னிக்கு ஏதோ ரிப்பேர் பார்த்திருக்கார்னு அர்த்தம்."

எத்தனை வருஷமாக நான் அந்த வாசனையைத் தப்பாக நினைவு வைத்துக்கொண்டிருந்தேன்! அது வண்டியின் வாசனை அல்ல. வேலை முடித்துவிட்டு வந்த அப்பாவின் வாசனை.

மூன்றாம் நாள் புதுக் குழாய்களைப் பொருத்தினோம். பாட்டரியை மாட்டினோம். ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில் வெள்ளைக் காகிதத் துண்டு வைத்தாள் பெண். "சாவியைத் திருப்பு, பாப்பா" என்றார் பாய். அவள் உட்கார்ந்து திருப்பினாள். புதுக் குழாய்கள் காலி. பம்ப் படபடவென்று வேகமாக அடித்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு வேகம் தணிந்தது. ஒரு டிக். இன்னொரு டிக். நெடு நேரம் கழித்து ஒன்று. அப்புறம் இல்லை. காகிதங்களை எடுத்துப் பார்த்தோம். எல்லாம் உலர்ந்திருந்தன.

என் கை என்னை அறியாமல் ஸ்டார்ட்டர் பக்கம் போயிற்று.

"இருங்கப்பா" என்று பெண் என் கையைத் தட்டிவிட்டாள். தலையைச் சாய்த்து இன்னும் ஒரு நிமிஷம் கேட்டாள். பிறகுதான், "ம், இழுங்க" என்றாள்.

அன்று மாலை நோட்டில் தேதி போட்டு எழுதினேன்: 'பெட்ரோல் ஹோஸ், பைப் இரண்டும் மாற்றியது. பழையதை எறிந்தேன்.' குளிப்பதற்காகச் சட்டையைக் கழற்றிப் போட்டபோது, அந்தப் பக்கமாகப் போன அம்மா ஒரு கணம் நின்றாள். ஒன்றும் சொல்லாமல், சட்டையை எடுத்துத் தனியாக வாளியில் நனைத்து வைத்தாள்.